ஒரு பாடத்துக்கு ஒரே துறை என்ற விதியைத் திரும்பப் பெறுங்கள்: கல்விக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் கல்விக் குழு உறுப்பினர்களுக்கும்,

வரும் கல்வியாண்டிலிருந்து இளநிலைப் படிப்பின் ஒவ்வொரு பாடமும் ஒரே ஒரு துறையின் பொறுப்பில்தான் இருக்க வேண்டும் என்று சென்ற கூட்டத்தில் முடிவெடுத்திருக்கிறீர்கள். இரண்டு துறைகளைச் சேர்ந்த ஆசிரியர்கள் சேர்ந்து நடத்தி வந்த பாடங்கள் ஏதாவது ஒரு துறைக்கு ஒதுக்கப்படும். மற்ற ஆசிரியர் விரும்பினால் சிறப்புச் சொற்பொழிவுக்கு வந்துபோகலாம். அந்த நேரம் அவருடைய பணிச்சுமையில் சேராது. சுற்றறிக்கையில் இதற்குச் சொல்லப்பட்டிருக்கும் காரணங்கள் இரண்டு: பணிச்சுமைக் கணக்கில் குழப்பம், மதிப்பெண் பதிவில் தாமதம். இந்தப் பாடங்களை நடத்துகிறவர்களிடமும் படிக்கிறவர்களிடமும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

நான் புள்ளியியல் ஆசிரியர். வரலாற்றுத் துறை நண்பர் ஒருவரோடு சேர்ந்து, கொள்ளைநோய்களைப் பற்றிய விருப்பப் பாடம் ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். உங்கள் முடிவால் நிற்கப்போகும் பாடங்களில் அதுவும் ஒன்று. கோப்பில் அது ஒரு பாடக் குறியீடாக மட்டுமே உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த வகுப்பறையில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

1854-ஆம் ஆண்டு லண்டனில் ப்ராட் தெருவைச் சுற்றிப் பரவிய காலராவிலிருந்து தொடங்குவோம். மருத்துவர் ஜான் ஸ்னோ, இறப்புப் பதிவு அலுவலகத்திலிருந்து 83 பேரின் இறப்பு விவரங்களை வாங்கி, ஒவ்வொரு வீடாகப் போய் விசாரித்தார். அந்த விவரங்களையும் அந்தப் பகுதியின் வரைபடத்தையும் மாணவர்களிடம் கொடுப்போம். புள்ளியியல் மாணவர்கள் உடனே அளவுகோலை எடுத்துவிடுவார்கள். ப்ராட் தெருவில் மக்கள் தண்ணீர் எடுத்த கிணற்றுக் கைக்குழாயிலிருந்து ஒவ்வொரு வீடும் எவ்வளவு தூரம், வேறு குழாய்கள் எங்கே இருக்கின்றன என்று அளந்தால், பத்து இறப்புகள் மட்டும் வேறொரு குழாய்க்கு அருகில் நிகழ்ந்திருப்பது தெரியும். "இவை விலகல்கள், ஒதுக்கிவிடலாம்" என்று அவர்களில் ஒருவர் சொல்வார். ஒருமுறை வரலாறு படிக்கும் மாணவி ஒருவர் எழுந்து, "அந்த வீடுகளில் தண்ணீர் எடுத்துவரப் போனது யார்?" என்று கேட்டார்.

ஸ்னோ கேட்ட கேள்வியும் அதுதான். அந்தப் பத்தில் ஐந்து குடும்பங்கள் பக்கத்துக் குழாயை விட்டுவிட்டு ப்ராட் தெருத் தண்ணீரையே விரும்பி ஆளனுப்பி எடுத்துவரச் செய்திருந்தன. இன்னும் மூவர் அந்தக் குழாய்க்கு அருகிலிருந்த பள்ளிக்குப் போன குழந்தைகள். விலகல் என்று ஒதுக்கவிருந்தவைதான் மிக வலுவான சாட்சியங்களாக நின்றன. அதே பகுதியில் 535 பேர் தங்கியிருந்த ஏழையர் இல்லம் ஒன்று இருந்தது. அங்கே காலராவால் இறந்தவர்கள் ஐந்து பேர் மட்டுமே. அந்த இல்லத்துக்குச் சொந்தக் கிணறு இருந்தது என்பது எந்த அட்டவணையிலும் இருக்காது. அந்தக் கால நகரம் எப்படி இயங்கியது என்று தெரிந்தவர்தான் அதைத் தேடிப் போவார்.

அடுத்த வாரம் நான் வில்லியம் ஃபார் என்பவரை அறிமுகப்படுத்துவேன். இங்கிலாந்தின் பதிவு அலுவலகத்தில் பணியாற்றிய பெரும் புள்ளியியலாளர் அவர். 1848–49 கொள்ளைநோயின் இறப்புக் கணக்குகளை எடுத்துக்கொண்டு, தேம்ஸ் ஆற்றிலிருந்து நிலம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்குக் காலரா இறப்பு குறைகிறது என்று ஒரு சூத்திரமே எழுதினார். எண்கள் அந்தச் சூத்திரத்தோடு வியக்கத்தக்க அளவுக்குப் பொருந்தின. தாழ்நிலத்தில் தேங்கும் கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்ற அன்றைய நம்பிக்கைக்கு அது பெரும் ஆதாரமாகிவிட்டது. என் மாணவர்கள் அந்த வரைகோட்டைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். அப்போது வரலாற்று நண்பர், தாழ்ந்த பகுதிகளுக்கு எந்தக் குடிநீர் நிறுவனங்கள் ஆற்றின் எந்த இடத்திலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தன என்ற விவரத்தைத் திரையில் காட்டுவார். லாம்பெத் நிறுவனம் 1852-இல் தன் நீரெடுப்பு இடத்தை நகரத்தின் கழிவு கலக்காத மேற்பகுதிக்கு மாற்றியது. சதர்க் அண்டு வாக்ஸ்ஹால் நிறுவனம் மாற்றவில்லை. ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளுக்கு இரண்டு நிறுவனங்களும் தண்ணீர் கொடுத்தன. 1854-இல் பத்தாயிரம் வீடுகளுக்கு இறப்பு, முதல் நிறுவனத்தின் வீடுகளில் 37, இரண்டாவது நிறுவனத்தின் வீடுகளில் 315.

உடன்தொடர்பு (இரண்டு எண்கள் சேர்ந்தே மாறுவது) வேறு, காரணம் வேறு என்பதை என் துறையின் முதலாண்டு வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் எழுதுகிறேன். மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி, மறந்தும்விடுகிறார்கள். இந்த வகுப்பில் படித்தவர்கள் மறப்பதில்லை. திறமைசாலியான ஒருவர், சரியான எண்களை வைத்துக்கொண்டே தவறான காரணத்துக்கு வந்து சேர்ந்ததையும், பிறகு 1866-ஆம் ஆண்டுக் காலராவின்போது அவரே தண்ணீர்தான் காரணம் என்று ஏற்றுக்கொண்டதையும் அவர்கள் கண்ணால் பார்த்துவிடுகிறார்கள்.

இந்தப் பாடத்தின் உயிர் வேறொன்றிலும் இருக்கிறது. நானும் நண்பரும் மாணவர்கள் முன்னிலையில் ஒருவரோடொருவர் உடன்படாமல் பேசுகிறோம். ஸ்னோ சொன்னபடி ப்ராட் தெருக் குழாயின் கைப்பிடியைக் கழற்றியதும் நோய் நின்றது என்ற கதையை அவர் ஏற்பதில்லை. கைப்பிடி கழற்றப்பட்டது செப்டம்பர் 8-ஆம் தேதி. இறப்புகள் அதற்கு முன்பே குறையத் தொடங்கிவிட்டன. மக்கள் பலர் ஊரைவிட்டே ஓடிவிட்டிருந்தார்கள். இதை ஸ்னோவே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார். நான் அன்றாட இறப்புகளை வரைந்து காட்டி, இந்த எண்களிலிருந்து எவ்வளவு சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று வாதிடுவேன். அவர் ஹென்றி வைட்ஹெட் என்ற பாதிரியாரைக் கொண்டுவருவார். அந்தக் குழாய்த் தண்ணீரே காரணம் என்ற ஸ்னோவின் முடிவை ஐயுற்று, அது தவறு என்று காட்டவே வீடுவீடாகப் போனவர் வைட்ஹெட். கடைசியில் குழாயை அடுத்திருந்த வீட்டில் முதலில் நோயுற்ற கைக்குழந்தையையும், அதன் துணிகளை அலசிய நீர் கிணற்றை ஒட்டிய கழிவுத்தொட்டியில் கொட்டப்பட்டதையும் கண்டுபிடித்தவரும் அவரே. ஒரு மருத்துவர், ஒரு புள்ளியியலாளர், ஒரு பாதிரியார் மூவரும் ஒரே கேள்வியை மூன்று பக்கங்களிலிருந்து கேட்டதால்தான் விடை உறுதிப்பட்டது. பேராசிரியர்கள் இருவர், மரியாதை குறையாமல், ஆதாரத்தைக் காட்டி முரண்படுவதை இளநிலை மாணவர்கள் வேறு எந்த வகுப்பில் பார்க்கிறார்கள்? நான் சிறப்புச் சொற்பொழிவாளனாக ஒரு மணி நேரம் வந்து பேசிவிட்டுப் போனால் இதில் எதுவும் நடக்காது.

மாணவர்கள் பிற துறையில் ஒரு பாடம் எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு தொடர்வதால் பல்துறைக் கல்விக்குப் பாதிப்பில்லை என்று சுற்றறிக்கை சொல்கிறது. இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. வரலாற்று வகுப்பில் வரலாறு நடக்கும், புள்ளியியல் வகுப்பில் புள்ளியியல் நடக்கும். இரண்டையும் இணைக்கப் போவது யார்? அனுபவம் மிக்க ஆசிரியர்களே செய்யத் தயங்குகிற வேலையைப் பத்தொன்பது வயது மாணவரிடம் ஒப்படைத்துவிட்டு, அதற்குப் பல்துறைக் கல்வி என்று பெயரிடுகிறோம். பக்கத்துப் பக்கத்து அறைகளில் இரண்டு பாடங்கள் நடப்பதும், ஒரே அறையில் ஒரே கேள்விக்காக இரண்டு துறைகள் உழைப்பதும் ஒன்றாகாது.

கூட்டுப் பாடங்களால் ஆழம் குறையும் என்று உங்களில் சிலர் கூட்டத்தில் கவலை தெரிவித்ததாக அறிகிறேன். அந்தக் கவலையை மதிக்கிறேன். இரண்டு ஆசிரியர்கள் வாரம் மாற்றி வாரம் வந்து, மற்றவர் என்ன நடத்தினார் என்று தெரியாமலே பாடம் முடித்த வகுப்புகளையும் நான் பார்த்திருக்கிறேன். அவற்றை நிறுத்துங்கள், நானும் உடன் நிற்கிறேன். ஆனால் நல்ல கூட்டுப் பணி ஆழத்தை மேலும் கேட்கும். டைனோசர்களின் அழிவுக்கு விண்கல் மோதல் காரணம் என்ற கருத்தை 1980-இல் முன்வைத்த கட்டுரையை நினைத்துப் பாருங்கள். வால்டர் ஆல்வரெஸ் நிலவியலாளர், அவருடைய தந்தை லூயி ஆல்வரெஸ் இயற்பியலாளர், ஃபிராங்க் அசாரோவும் ஹெலன் மிஷெலும் அணுக்கரு வேதியியலாளர்கள். இத்தாலியின் குப்பியோ அருகே பாறை அடுக்குகளுக்கு நடுவே ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள களிமண் படலம் முக்கியமானது என்று அறிய நிலவியலில் ஊறியிருக்க வேண்டும். அதில் நூறு கோடியில் சில பங்கு அளவே இருக்கும் இரிடியத்தை (விண்கற்களில் மிகுதியாக உள்ள ஓர் உலோகம்) அளக்க வேதியியலில் தேர்ந்திருக்க வேண்டும். அந்த அளவு வழக்கத்தைவிட ஏன் இவ்வளவு அதிகம் என்பதற்கு விண்வெளியை நோக்கித் திரும்பும் துணிவு வேண்டியிருந்தது. நால்வரில் ஒருவர் அரைகுறையாக இருந்திருந்தாலும் அந்தக் கட்டுரை வந்திருக்காது.

எங்கள் மாணவர்களிடமும் இதையே பார்த்தேன். வேதியியல் இறுதியாண்டு மாணவர் ஒருவர் பழைய ஓவியங்களின் நிறமிகளைப் பற்றித் திட்டப்பணி செய்தார். பழையது என்று சொல்லப்பட்ட ஓர் ஓவியத்தின் மாதிரியில் அவருக்குப் பிரஷ்யன் நீலம் கிடைத்தது. அந்த நிறமி 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பெர்லினில் முதன்முதலாகத் தயாரிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஓவியத்தில் அது எப்படி இருக்கும்? போலி என்று எழுதி முடித்திருப்பார். கலை வரலாற்று ஆசிரியர் ஒருவரிடம் போய்க் காட்டினார். அவர் ஓவியத்தைச் சாய்ந்த ஒளியில் பார்த்துவிட்டு, மாதிரி எடுத்த மூலை பிற்காலத்தில் பழுதுபார்க்கப்பட்ட பகுதி என்று காட்டினார். மாணவர் வேறு இடங்களிலிருந்து மீண்டும் மாதிரி எடுத்து, முழு ஆய்வையும் திருப்பிச் செய்தார். ஒரு வேதியியல் மாணவருக்கு இதைவிட ஆழமான பாடம் கிடைக்குமா?

ஆனால் திட்டப்பணிப் படிவத்தில் நெறியாளர் பெயருக்கு ஒரே ஒரு வரிதான் உண்டு. கலை வரலாற்று ஆசிரியரின் பெயர் நன்றியுரைக்குப் போனது. வாய்மொழித் தேர்வில் வேதியியல் துறையினர் மட்டுமே அமர்ந்திருந்தார்கள். ஓவியத்தின் பழுதைக் கண்டறிந்த அத்தியாயத்தைப் பற்றி ஒரு கேள்விகூட எழவில்லை. "பொருளுக்குத் தொடர்பில்லாத பகுதி" என்று அந்த அத்தியாயத்துக்கு மதிப்பெண் குறைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதே துறையில் யாரும் அப்படியொரு தலைப்பைத் தொடவில்லை. மாணவர்கள் சுற்றறிக்கைகளைப் படிப்பதில்லை. எதற்கு மதிப்பெண் குறைகிறது என்பதைக் கவனித்துக்கொள்கிறார்கள்.

பணிச்சுமைக் கணக்குக்கு வருகிறேன். எங்கள் பாடத்தில் இருவரும் எல்லா வகுப்புகளிலும் அமர்கிறோம். இன்றுவரை ஆளுக்குப் பாதி நேரம்தான் கணக்கில் ஏறி வந்திருக்கிறது. ஒரு வகுப்புக்கு முன் இருவரும் உட்கார்ந்து, எதை யார் தொடங்குவது, எந்த இடத்தில் மறுப்பது, மாணவர்களின் கட்டுரைகளை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது என்று பேசி முடிவுசெய்கிறோம். தனியாக நடத்தும் பாடத்தைவிட உழைப்பு கூடுதல். பாதிக் கணக்கை நாங்கள் பொறுத்துக்கொண்டோம். இனி ஒருவருக்கு முழுமை, மற்றவருக்கு ஒன்றுமில்லை என்கிறீர்கள். நிலைத்த பணியில் இருக்கும் என்னைப் போன்றவர்கள் ஆர்வத்தால் இதையும் சுமக்கலாம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியரிடம், கணக்கில் வராத பாடத்தை நடத்து என்று எந்தத் துறைத் தலைவர் சொல்வார்? அவர் எப்படி ஒப்புக்கொள்வார்?

பதவி உயர்விலும் இதே கதைதான். என் துறையின் இளம் ஆசிரியர் ஒருவர் பொதுச் சுகாதார இதழில் வெளியிட்ட கட்டுரைக்கு, "துறைக்கு வெளியே" என்று குறித்துத் தேர்வுக் குழு புள்ளியே தரவில்லை. அந்தக் கட்டுரையின் புள்ளியியல் முறை முழுவதும் அவர் உருவாக்கியது. இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், உளவியலாளர்களான டேனியல் கானெமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எகனோமெட்ரிகா என்ற பொருளியல் இதழில் வெளியிட்ட கட்டுரைக்கும் புள்ளி கிடைத்திருக்காது. மனிதர்கள் இழப்பையும் ஆதாயத்தையும் எப்படி எடைபோடுகிறார்கள் என்று காட்டிய கட்டுரை அது. பொருளியலின் போக்கை மாற்றியது. 2002-இல் கானெமனுக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு.

இது நம் நிறுவனத்துக்கு மட்டும் உரிய குறை என்று சொல்லவில்லை. ஆஸ்திரேலிய ஆராய்ச்சி நிதி அமைப்புக்கு ஐந்து ஆண்டுகளில் வந்த 18,476 விண்ணப்பங்களை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2016-இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. துறைகளைக் கடக்கும் தன்மை எவ்வளவு கூடுகிறதோ, நிதி கிடைக்கும் வாய்ப்பு அவ்வளவு குறைகிறது என்று அது காட்டியது. வெளியே நிலைமை இப்படி இருக்கும்போது, உள்ளேயும் கதவை மூடினால் இந்த ஆசிரியர்கள் எங்கே போவார்கள்?

கணக்கு வைப்பது கடினம் என்ற காரணத்தையும் நான் லேசாக ஒதுக்கவில்லை. தேர்வுத் துறை ஊழியர்களின் சிரமம் எனக்குத் தெரியும். மதிப்பெண் பதியும் மென்பொருள் ஒரு பாடத்துக்கு ஓர் ஆசிரியர் எண்ணை மட்டுமே ஏற்கிறது. அதனால் ஒருவர் பதிந்து, மற்றவர் கையெழுத்திட்ட தாளை இணைத்து, அது மேசை மேசையாகப் போய் வர வாரங்கள் ஆகின்றன. தாமதத்தின் வேர் அங்கே இருக்கிறது. ஒரு மென்பொருளில் இரண்டாவது பெயருக்கு இடமில்லை என்பதற்காகப் பாடத்தையே நீக்குவது எப்படித் தீர்வாகும்? அமெரிக்காவின் எவர்கிரீன் ஸ்டேட் கல்லூரி 1971-இல் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கிய நாளிலிருந்தே, வெவ்வேறு துறை ஆசிரியர்கள் சேர்ந்து நடத்தும் முழுநேரப் பாடத்திட்டங்களைத் தன் கல்வியின் நடுவில் வைத்திருக்கிறது. அங்கேயும் சம்பளப் பட்டியல் உண்டு, மதிப்பீடு உண்டு, அலுவலகம் உண்டு. அவர்களால் கணக்கு வைக்க முடிகிறது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

ஒரு பாடத்துக்கு ஒரே துறை என்ற விதியை நடைமுறைக்கு வருமுன் நிறுத்திவையுங்கள். வரும் பருவத்துக்கு ஏற்கெனவே மாணவர்கள் பதிவுசெய்துவிட்ட கூட்டுப் பாடங்களையாவது இப்போதிருக்கும் வடிவிலேயே நடக்க விடுங்கள். இது அவசரம், பதிவுப் பட்டியல் இறுதியாவதற்குள் முடிவு தேவை.

இரண்டு ஆசிரியர்களும் எல்லா வகுப்புகளிலும் இருந்து நடத்தும் பாடத்துக்கு இருவருக்கும் முழு நேரத்தையும் பணிச்சுமையில் சேருங்கள். வாரம் பிரித்து நடத்துகிறவர்களுக்கு இது வேண்டாம். யார் எப்படி நடத்துகிறார்கள் என்பதைப் பாடத்திட்டத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பருவ இறுதியில் மாணவர்களிடமும் கேட்டுச் சரிபாருங்கள். தரமற்ற கூட்டுப் பாடங்களை நீக்கும் அதிகாரம் உங்களிடமே இருக்கட்டும்.

இளநிலைத் திட்டப்பணிப் படிவத்தில் இரண்டாவது நெறியாளருக்கு ஒரு வரி சேருங்கள். அந்த நெறியாளரோ அவர் துறையைச் சேர்ந்த வேறொருவரோ வாய்மொழித் தேர்வில் அமர வேண்டும் என்பதை விதியாக்குங்கள். மதிப்பெண் மென்பொருளிலும் இரண்டாவது ஆசிரியர் எண்ணை ஏற்கும்படி செய்யுங்கள். இவற்றில் பெருஞ்செலவு எதுவும் இல்லை.

பதவி உயர்வுக்கான தேர்வுக் குழுவுக்கு, கட்டுரை வெளியான இதழின் துறைப் பெயரை வைத்துப் புள்ளியை மறுக்கக்கூடாது என்று எழுத்தில் அறிவுறுத்துங்கள். விண்ணப்பித்தவரின் பணி இரண்டு துறைகளைத் தொட்டால், இரண்டாவது துறையிலிருந்து ஒரு மதிப்பீட்டாளரை அழையுங்கள். "துறைக்கு வெளியே" என்ற காரணத்தால் புள்ளி மறுக்கப்பட்டவர்களின் விண்ணப்பங்களை மறுபரிசீலனைக்கு எடுங்கள்.

கடைசியாக, இந்த விதியை மீண்டும் விவாதிக்கும் கூட்டத்துக்குக் கூட்டுப் பாடம் நடத்தும் ஆசிரியர்களையும், அவற்றைப் படித்த இளநிலை மாணவர்களில் சிலரையும் அழைத்துப் பேசக் கேளுங்கள். கூட்டத்தின் நாளை அறிவித்தால், எங்கள் பாடத்திட்டம், மாணவர்களின் கட்டுரைகள், மதிப்பீட்டு முறை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நானும் நண்பரும் வருகிறோம். அதற்கு முன் எங்கள் வகுப்பில் வந்து அமர விரும்பும் உறுப்பினர்கள் எந்த வாரமும் வரலாம்; முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

எழுத்து வடிவில் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
புள்ளியியல் துறை ஆசிரியர் ஒருவர்